உனக்குன்னே ஒரு ஆப் இருக்காமே!

போன ஞாயித்துக்கிழமை காலைல பெரியம்மா வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பினாங்க. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"பாப்பா, உன்னை மாதிரி பிள்ளைங்களுக்குன்னே தனியா ஒரு ஆப் இருக்காம்டி. அதுல பேர் போட்டா சட்டுனு அமைஞ்சிடுதாம். என்னன்னு பாரு."

(பாப்பாவுக்கு வயசு முப்பத்தேழு. சரி, அதை விடுங்க.)

திறந்து பார்த்தா அமெரிக்கக்காரங்க ஆப். பேரு டேட்டபிலிட்டி. ஜாக்குலின் சைல்ட், அலெக்ஸா சைல்ட்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர் 2022ல ஆரம்பிச்சது. அதுல ஜாக்குலினுக்கே நாள்பட்ட நோய் உண்டு. டேட்டிங் போன இடத்துல எல்லாம் பட்ட பாட்டுல, நாமளே ஒண்ணு கட்டுவோம்னு கட்டியிருக்காங்க. உடம்புக்கு என்னங்கிறதை நாமளே ஒரு பட்டியல்லேர்ந்து எடுத்து ப்ரொஃபைல்ல போட்டுக்கலாம். யோசனை அருமை. ஆனா அதுல இருக்கிற ஜனங்க பெரும்பாலும் அமெரிக்கா பக்கம் இருக்காங்க. நான் ஸ்ரீரங்கம் மூலத்தோப்புல இருக்கேன்.

பெரியம்மாகிட்ட சொன்னேன். "தூரம் என்னடி தூரம், விசா எடுத்தா போச்சு"ன்னாங்க.

எனக்குக் கோவம் வந்தது பெரியம்மா மேல இல்ல. அவங்க பாசத்துல அனுப்பினாங்க. "உனக்குன்னே"ன்னு ஒரு லேபிளை ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க பாருங்க, அதுதான் எரிச்சல். அந்த எரிச்சல்லதான் இந்தப் பதிவு. ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், பெரியம்மா புண்ணியத்துல இன்னிக்கு உக்காந்துட்டேன்.

புதுசா படிக்க வந்தவங்களுக்கு: எனக்குச் சின்ன வயசுல போலியோ. இடது கால்ல காலிப்பர், கைல ஒரு ஊன்றுகோல், ஓட்டுறது பின்னாடி ரெண்டு எக்ஸ்ட்ரா வீல் வச்ச ஸ்கூட்டர். வேலை, ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல. டிசம்பர்ல வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கும், ஜூலைல ரிட்டர்ன் ஃபைல் பண்றவங்க கூட்டத்துக்கும் நடுவுல உயிர் வாழ்ந்துட்டிருக்கேன்.

ஆப்புக்கு முன்னாடி எங்க வீட்ல மேட்ரிமோனிதான். அதைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். கல்யாணத் தளம் எதை வேணா திறங்க, பதிவு பண்றப்போ உயரம், எடை, நட்சத்திரம், அப்புறம் "உடல்நிலை"ன்னு ஒரு கட்டம் வரும். அதுல நார்மலா, இல்லையான்னு டிக் அடிக்கணும். நான் "இல்லை"ன்னு அடிச்ச நாள்லேர்ந்து எனக்கு வந்த வரன்களைப் பாக்கணுமே! மனைவியை இழந்து வளர்ந்த பிள்ளைங்களோட ஒருத்தர். "பையனுக்கு லேசா குடிப்பழக்கம், நல்ல பிள்ளை"ன்னு ஒருத்தர் அம்மா. எனக்கு ஒரு கால் சரியில்லைன்னா மத்த எல்லாத்துலயும் நான் இறங்கி வரணும்ங்கிறது அவங்க கணக்கு. நானே கணக்கு எழுதுற ஆளு, இந்த வரவு செலவு எனக்கு டேலி ஆகவே மாட்டேங்குது.

இதுல அரசாங்கம் வேற பங்குக்கு நிக்குது. நம்ம தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா திருமண உதவித் திட்டம் இருக்கு தெரியுமா? 25,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும். பட்டப்படிப்பு, டிப்ளமா படிச்சிருந்தா 50,000 ரூபாய். கண் தெரியாதவங்களைக் கட்டினா ஒரு திட்டம், கை கால் பாதிக்கப்பட்டவங்களைக் கட்டினா ஒண்ணு, காது கேக்காதவங்களுக்கு ஒண்ணு, ரெண்டு பேருமே மாற்றுத்திறனாளின்னா ஒண்ணு. பல குடும்பத்துக்கு அந்தக் காசு நெஜமாவே கைகொடுக்குது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா என்னைக் கட்டிக்க ஒருத்தனுக்கு அரசாங்கம் ஊக்கத்தொகை தர வேண்டியிருக்கேன்னு நினைச்சா சிரிப்பும் வருது, வேற என்னமோவும் வருது. (தங்கம் விக்கிற விலைக்கு 8 கிராம் சும்மா இல்லைன்னு என் தம்பி சொல்றான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல.)

சரி, ஆப்புக்கு வருவோம்.

"உனக்குன்னே ஒரு ஆப்" இந்தியாவுலயே இருந்துச்சுங்க. பெரியம்மாவுக்கு மட்டுமில்ல, நிறைய பேருக்கு இது தெரியாது. பேரு இன்க்லவ். கல்யாணி கோனான்னு ஒரு பொண்ணு. 2014ல, அப்ப அவங்களுக்கு இருபது வயசை ஒட்டித்தான் இருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு வரன் பாக்குற ஏஜென்சியா 'வாண்டட் அம்ப்ரெல்லா'ன்னு ஒண்ணைத் தொடங்கினாங்க. அப்புறம் சங்கர் ஸ்ரீனிவாசனோட சேர்ந்து, பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டி, 2016 ஜனவரில இன்க்லவ் ஆப்பைக் கொண்டு வந்தாங்க. திரையை வாசிச்சுக் காட்டுற மென்பொருளோட ஒத்துப் போற மாதிரி முதல்லேர்ந்தே கட்டின ஆப் அது. மாற்றுத்திறனாளிங்க மட்டும்தான்னு வேலி போடல, யார் வேணாலும் சேரலாம். அந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவங்க மேல மரியாதை.

அதை விட எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. ஆப்போட நிறுத்தாம 'சோஷியல் ஸ்பேசஸ்'னு ஊர் ஊரா சந்திப்பு நடத்தினாங்க. சாய்தளம் இருக்கிற, சக்கர நாற்காலி போற இடமாப் பார்த்து, சைகை மொழி பேசுறவங்களையும் வச்சு, சும்மா வந்து உக்காந்து பேசிட்டுப் போங்கன்னு. அதுக்குப் போயிட்டு வந்த பெங்களூர் அக்கா ஒருத்தங்க எங்கிட்ட சொன்னாங்க: "வரன் எதுவும் அமையலடி. ஆனா ஒரு ரூம்ல யாரும் என் காலைப் பாக்காம என் மூஞ்சியைப் பார்த்துப் பேசினது அன்னிக்குத்தான்."

2019ல இன்க்லவ் மூடிட்டாங்க.

ஏன் மூடினாங்கன்னு உள் விவகாரத்துக்குள்ள நான் போகல. ஆனா கணக்குப் போட்டா இந்த மாதிரி ஆப்புக்கு என்ன கஷ்டம்னு நமக்கே புரியும். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிங்க சுமார் 11.8 லட்சம். மொத்த ஜனத்தொகை 7.2 கோடி. நூத்துக்கு ரெண்டு பேர் கூட இல்ல. (2016 சட்டத்துல 7 வகை 21 வகையா ஆச்சு, அதனால இனிமே எடுத்தா எண்ணிக்கை கூடும்.) இந்த 11.8 லட்சத்துல குழந்தைங்களைக் கழிங்க. வயசானவங்களைக் கழிங்க. கல்யாணம் ஆனவங்களைக் கழிங்க. ஸ்மார்ட்போன் இல்லாதவங்களை, "ஆப்ல ஆள் தேடுறியா"ன்னு வீட்ல செருப்பைத் தூக்குவாங்கன்னு பயந்தவங்களைக் கழிங்க. மிச்சம் இருக்கிறவங்கள்ல திருச்சிக்காரங்க எத்தனை பேர்? அதுல என் வயசு? அதுல எனக்குப் பிடிக்கிற மாதிரி ஒருத்தர்? அந்த ஒருத்தருக்கு என்னைப் பிடிக்கணும் வேற!

நமக்குன்னு கட்டின ஆப்ல பக்கத்துல ஆள் இல்ல. எல்லாருக்குமா கட்டின ஆப்ல ஆள் இருக்காங்க, ஆனா நாமளும் வருவோம்னு யாரும் நினைச்சுக் கட்டல. நம்ம நிலைமை இதுதான். இதுக்குள்ளதான் தேர்ந்தெடுக்கணும்.

நான் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஏன்னு சொல்றேன், அதுக்கு முன்னாடி ஸ்ரீரங்கத்துல டேட்டிங் ஆப் போடுறதுன்னா என்னன்னு சொல்லிடணும்.

நம்ம ஊரு ஒரு தீவு. இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். ஆப்ல தூரத்தை அஞ்சு கிலோமீட்டர்னு வச்சா யாரு வருவா? முதல் ஆளே எங்க தெருவுல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிற அண்ணன். அவருக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க! அடுத்தது என் ஒண்ணுவிட்ட தம்பி. (இடதா வலதான்னு கூட பாக்காம போனைக் கட்டில்ல தூக்கிப் போட்டேன்.) நாம அவங்களைப் பாக்குறோம்னா அவங்களும் நம்மளைப் பாக்குறாங்கன்னு அர்த்தம். காலைல சத்திரம் பஸ்ஸ்டாண்டுல யாராவது நம்மளைப் பார்த்தா சாயந்தரம் ராஜகோபுரத்துக்குக் கீழ அது செய்தி ஆயிடும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு, கேட்டுக்கோங்க. டிண்டர்லயும் ஹிஞ்ச்லயும் நம்ம போன் காண்டாக்ட்ல இருக்கிற நம்பர்களை மொத்தமா பிளாக் பண்ற வசதி இருக்கு. செட்டிங்ஸ்ல போய் முதல் வேலையா அதைப் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். பெரியப்பா, சித்தப்பா, ஆபீஸ் ஆளுங்க, பால்காரர், கேஸ் போடுறவர், எல்லாரையும். ஒரே தட்டுல நிம்மதி. மெடிக்கல் அண்ணன் நம்பர் எங்கிட்ட இருந்துச்சு, நல்லதாப் போச்சு.

தமிழ்ல ஆப் இல்லையான்னு கேக்குறவங்களுக்கு: ஐல்னு ஒரு இந்திய நிறுவனம் மலையாளத்துக்கு அரிகேன்னும், நமக்கு அன்பேன்னும் கொண்டு வந்தாங்க. பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மாதிரி எதைப் போட்டாலும் ரெண்டு நாள்ல எனக்குப் புரிஞ்சிடும், திருச்சில எந்த ஆப்ல ஆள் இருக்கு, எதுல சென்னை, கோயம்புத்தூர் ஆளுங்க மட்டும் தலை காட்டுறாங்கன்னு. அதனால என் முதல் சோதனை இதுதான்: ஆப்பைப் போடு, தூரத்தை இருபது கிலோமீட்டர் வை, எத்தனை மூஞ்சி வருதுன்னு பாரு. விளம்பரத்துல என்ன சொன்னாலும் சரி. இருபது கிலோமீட்டர்னா திருவெறும்பூர், மணிகண்டம், சமயபுரம் எல்லாம் உள்ள வந்துடும். அதுக்கு மேல போனா எனக்கு வண்டி ஓட்டிட்டுப் போக முதுகு விட்டுக் கொடுக்காது. எனக்கு அந்தத் தூரக் கணக்கு பெட்ரோலுக்காக இல்ல, முதுகுக்காக.

ரெண்டாவது சோதனை: எப்ப, எப்படிச் சொல்றது?

இதுக்கு ஆளாளுக்கு ஒரு கருத்து. முதல் வரியிலயே சொல்லிடுன்னு ஒரு கட்சி. நாலு நாள் பேசிப் பழகிட்டு அப்புறம் சொல்லுன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டையும் பண்ணிப் பார்த்திருக்கேன்.

அப்புறமா சொன்னப்போ என்ன ஆச்சுன்னா, நல்லாப் பேசிட்டிருந்த ஆளு "ஓ"ன்னு ஒரு எழுத்து அனுப்பிட்டுக் காணாமப் போயிட்டாரு. இன்னொருத்தர் "ஏன் மறைச்சீங்க?"ன்னு கேட்டாரு. மறைக்கிறதுக்கு இது என்ன கறுப்புப் பணமா?

சரின்னு ப்ரொஃபைல்ல எழுத்துல போட்டேன். "காலிப்பர் போட்டிருக்கேன், ஸ்கூட்டர் ஓட்டுவேன், ஜிகர்தண்டாவை விட ரோஸ் மில்க் பிடிக்கும்"னு. ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் பேசினாரு, திருவெறும்பூர் பக்கம். நல்ல தமிழ், நல்ல நக்கல். ஒரு வாரம் ஓடுச்சு. அப்புறம், "முதல் தடவை சந்திக்கிறோம், நல்ல இடமா இருக்கணும், மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோவில் போலாமா, மேல காத்து சூப்பரா வரும்"னாரு.

நானூறு படிக்கு மேலங்க!

"என் ப்ரொஃபைலைப் படிச்சீங்களா?"

"படிச்சேனே. காலிப்பர்னு போட்டிருந்துச்சே. நீங்களும் மெக்கானிக்கலான்னு கேக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன். வெர்னியரா, டிஜிட்டலா?"

மனுஷன் அளவெடுக்கிற கருவின்னு நினைச்சுட்டாரு! அன்னிக்குச் சிரிச்ச சிரிப்புல எனக்கு வயிறு வலிச்சுது. அவரும் பாவம், அப்படிச் சிரிச்சாரு. (இல்ல, அது காதலா ஆகல. அவருக்குப் போன தையில கல்யாணம். நான் போய் மொய் எழுதிட்டு வந்தேன்.)

அன்னிலேர்ந்து என் முடிவு: எழுத்துல சொல்லாதே, போட்டோல சொல்லு. என் முதல் போட்டோ இப்ப என்ன தெரியுமா? ஸ்கூட்டர் மேல உக்காந்து, காலிப்பர் நல்லாத் தெரியிற மாதிரி, கூலிங் கிளாஸ் போட்டு, அம்மா மண்டபம் ரோட்டுல எடுத்தது. அதைப் பார்த்துட்டு வர்றவன் பார்த்துட்டுத்தான் வர்றான். வராதவன் வர வேணாம், ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம். லைக் குறையும், கண்டிப்பாக் குறையும். ஆனா வர்ற லைக்குக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

அதனால, போட்டோவை நாம வைக்கிற வரிசைல காட்டுற ஆப்பா இருக்கணும். தானா எது நல்ல போட்டோன்னு முடிவு பண்ணி முன்னாடி தள்ளுற வசதி சில ஆப்ல இருக்கும், அதை அணைச்சு வைங்க. மூஞ்சி மட்டும் தெரியிற போட்டோவை அது முன்னாடி கொண்டு வந்துடும். அப்புறம் திரும்ப அந்த "ஓ".

இது கண்ணுக்குத் தெரியிற உடம்புக்கு. தெரியாத விஷயம் இருக்கிறவங்க, வலிப்பு, மனநலம், சிறுநீரகம், அவங்க கதை வேற. அவங்களுக்கு "முதல்லயே சொல்லு"ன்னு நான் சொல்ல மாட்டேன். அது அவங்க உடம்பு, அவங்க நேரம்.

போட்டோவைப் பார்த்துட்டு வர்றவங்கள்லயும் சில ரகம் இருக்கு. "நீங்க எனக்கு இன்ஸ்பிரேஷன்"னு ஆரம்பிப்பாங்க. நான் என்ன பண்ணேன்? ரோட்டுல வண்டில உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். இன்னொரு ரகம், "உங்களை மாதிரி ஒருத்தருக்கு வாழ்க்கை குடுக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆசை." (எங்கிட்ட ஒண்ணு ஏற்கெனவே இருக்கு சார், வேற யாருக்காவது குடுங்க.)

இவங்களாவது சிரிச்சுட்டுப் போற ரகம். அடுத்தது அப்படியில்ல. ஊனத்தையே ரசிக்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கு. பேச ஆரம்பிச்சவுடனே காலைப் பத்தியே கேப்பாங்க. காலிப்பர் இல்லாம போட்டோ அனுப்புங்க, நடக்கிற வீடியோ அனுப்புங்கன்னு. அதுல நீங்க இல்ல, உங்க கால் மட்டும்தான் இருக்கு. யோசிக்காம பிளாக் பண்ணுங்க, ரிப்போர்ட் பண்ணுங்க. "நமக்கு வர்றதே ஒண்ணு ரெண்டு, இதையும் விட்டுடறதா"ன்னு தோணும். விட்டுடுங்க.

காசு கேக்குற ரகம் எல்லாருக்கும் தெரியும். நம்மகிட்ட கூடுதலா ஒண்ணு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கேப்பாங்க: "உங்க யூடிஐடி கார்டு போட்டோ அனுப்புங்க, உங்களுக்கு லோன் வாங்கித் தரேன், ஸ்கீம் வாங்கித் தரேன்." அந்த அட்டையையும் ஆதாரையும் எந்தக் காதலனுக்கும் அனுப்பாதீங்க. காசு போயிடுச்சுன்னா வெக்கப்பட்டு உக்காராம உடனே 1930க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் பண்றீங்களோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள நிறுத்தப் பாப்பாங்க.

இப்ப என் தோழி கதை. அவளுக்குக் கண் பார்வை கிடையாது. புத்தூர்ல பெண்களுக்கான அரசுப் பார்வையற்றோர் பள்ளில படிச்சவ, இப்ப பேங்க்ல இருக்கா. என் ஆப் புலம்பலைக் கேட்டுட்டு, "உனக்காவது மூஞ்சியைப் பார்த்து வேணாம்னு சொல்ல முடியுது"ன்னா.

திரையை வாசிச்சுக் காட்டுற டாக்பேக்கைப் போட்டு அவ போன்ல ஒரு ஆப்பைத் திறந்து காட்டினா. (பேர் வேணாம்.) ஒரு ஆளோட பக்கம் வருது. போன் என்ன வாசிக்குது? "படம். படம். பட்டன். பட்டன். பேரில்லாத பட்டன்." அவ்வளவுதாங்க! எது பிடிச்சிருக்கு பட்டன், எது வேணாம் பட்டன்னு தெரியாம ஒரு தட்டு தட்டி, யாரோ ஒருத்தருக்குக் காசு கட்டி அனுப்புற ஸ்பெஷல் லைக் போற அளவுக்குப் போயிட்டா. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பேர் எழுதி வைக்கிறது புரோகிராம் எழுதுறவங்களுக்கு ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி இல்லாததால என் தோழிக்கு ஒரு ஊரே மூடிக் கிடக்கு.

அதைத் தாண்டினா செல்ஃபி சரிபார்ப்பு. போலி ஆளுங்களைத் தடுக்க நல்ல விஷயந்தான். ஆனா "வட்டத்துக்குள்ள மூஞ்சியை வை, இடது பக்கம் திரும்பு"ன்னு திரைல காட்டினா அவ எப்படிப் பாப்பா? பேங்க்ல ஆளைச் சரிபார்க்கிற கேஒய்சில இதே பிரச்சனை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஆசிட் வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூனைக் கண்ணைச் சிமிட்டச் சொன்னாங்க, அவங்களால முடியல. பார்வையில்லாத அமர் ஜெயினும் தனியா வழக்குப் போட்டிருந்தாரு. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்பு சொன்னாங்க: டிஜிட்டல் சேவையைப் பயன்படுத்த முடியுறது அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு சொல்ற வாழ்வுரிமைக்குள்ள வருதுன்னு. கூடவே 20 உத்தரவு. அது கேஒய்சிக்கான தீர்ப்பு, டேட்டிங் ஆப்புக்குன்னு சொன்னது இல்ல. ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்த அன்னிக்கு என் தோழி எனக்கு போன் பண்ணி, "அடுத்தது என் லவ்வுக்கு கேஸ் போடப் போறேன்"னு சொன்னா. போட்டாலும் போடுவா.

அவ தேர்ந்தெடுத்தது எதைத் தெரியுமா? குரல் பதிவு போடுற வசதி இருக்கிற ஆப்பை. ஹிஞ்ச்ல கேள்விக்குப் பதிலை நம்ம குரல்லயே பேசிப் போடலாம். குரலைக் கேட்டே ஆளை எடை போட்டுடுவா. "இவன் சிரிக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கிறான், வேணாம்." இதே வசதி காது கேக்காத எங்க இன்னொரு சிநேகிதிக்கு சுத்தமாப் பிரயோஜனம் இல்ல. அவளுக்கு எழுத்து வேணும், வீடியோ கால் வேணும், வாய்ஸ் நோட் அனுப்புறவன் மேல கொலைவெறி. அதனால "மாற்றுத்திறனாளிக்கு எந்த ஆப் நல்லது"ன்னு யாராவது மொத்தமா ஒரு பட்டியல் போட்டா நம்பாதீங்க. யாருக்கு நல்லதுன்னு திருப்பிக் கேளுங்க.

இவ்வளவு பேசியாச்சு, நான் இப்ப எதுல இருக்கேன்?

பம்பிள் நட்புக்குன்னு தனியா நடத்துற சேவைல. டேட்டிங் பக்கத்தை மூடி வச்சிருக்கேன். பம்பிள் 2014ல வந்தப்போ பொண்ணுதான் முதல்ல பேசணும்ங்கிறது விதி, 2024ல அதைக் கொஞ்சம் தளர்த்திட்டாங்க. அது டேட்டிங் பக்கத்துக்கு. நட்புக்கானதுல அந்த வம்பே இல்ல. யாரும் "வாழ்க்கை குடுக்க" வரமாட்டாங்க. யாரும் ஜாதகம் கேக்க மாட்டாங்க. வேலைக்காக திருச்சிக்கு மாத்தலாகி வந்து, ஊர்ல யாரையும் தெரியாம, எங்க நல்ல காபி கிடைக்கும்னு கேக்குற பொண்ணுங்கதான் நிறைய. அவங்களுக்கு ஊர் தெரியணும், எனக்கு ஊர் தெரியும். அங்க நான் உதவி வாங்குற ஆளா இல்ல, வழி சொல்ற ஆளா இருக்கேன். திருவானைக்காவல்ல பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட்டை நான் அறிமுகப்படுத்தி வச்ச பொண்ணுங்க இப்ப என்னை விட்டுட்டே போய் சாப்பிடுறாங்க. அந்த அளவுக்கு நட்பு முத்திடுச்சு.

காதல்? வரட்டும். நட்பு வட்டம் பெருசானா அந்த வழியா யாராவது வருவாங்க, வராமலும் போவாங்க. மேட்ரிமோனி கட்டத்தை விட இந்த வழி எனக்கு மேல்.

ஆனா ஆப் எதுவா இருந்தாலும் ஒரு இடத்துல வந்து நிக்குது. சந்திக்க இடம்.

ஸ்ரீரங்கத்துல பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பான இடம்னா எல்லாரும் கோவிலைத்தான் சொல்லுவாங்க. என் காலிப்பர் ஷூவோட சேர்ந்தது. கோவில் வாசல்ல செருப்பை விடுன்னா, நான் விட வேண்டியது காலை. காலிப்பர் இல்லாம என்னால நாலு அடி வைக்க முடியாது. 156 ஏக்கர் கோவில்ல நான் எங்க நடக்கிறது? அம்மா மண்டபம்னா படித்துறை. தில்லை நகர் காபி கடைங்க பாதி முதல் மாடில, மீதி கீழயே மூணு படி ஏத்தி. "மூணே மூணு படிதாங்க, நாங்க தூக்கி விடுறோம்"னு கடைப் பையன் ஓடி வருவான். தம்பி, நான் ஒருத்தரை முதல் தடவையா சந்திக்க வந்திருக்கேன். என்னைத் தூக்கிட்டுப் போய் அவர் முன்னாடி இறக்கி வைப்பியா?

இது கருணை கேக்குற விஷயம் இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பொதுக் கட்டடம்ங்கிறது அரசாங்கக் கட்டடம் மட்டுமில்ல. பொதுமக்கள் வந்து போற தனியார் கடை கண்ணியும் அதுக்குள்ள வரும். விதிகள் 2017 ஜூன்ல வந்துச்சு. அதுலேர்ந்து அஞ்சு வருஷத்துல, இருக்கிற பொதுக் கட்டடங்களை மாத்தியாகணும்னு சட்டம் சொல்லுது. அந்தக் கெடு 2022லயே முடிஞ்சுது. இன்க்லவ் கல்யாணி அன்னிக்கே இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் ஆப்பை மட்டும் நம்பாம இடம் தேடித் தேடிச் சந்திப்பு வச்சாங்கன்னு நினைக்கிறேன். ஆப் மூடினதுல எனக்குப் பெரிய வருத்தம் இல்ல. அந்தச் சந்திப்புங்க நின்னு போனதுலதான் வருத்தம்.

அதனால திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகர்களே, உங்ககிட்ட ஒரு வேலை. அடுத்த தடவை காபி குடிக்கப் போறப்போ வாசல்ல எத்தனை படி, கைப்பிடி இருக்கா, சாய்தளம் இருந்தா அது மேல பைக்கை நிறுத்தி வச்சிருக்காங்களா, பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம் (சக்கர நாற்காலி நுழைய 90 செ.மீ. வேணும்), மூணு சக்கர வண்டி நிறுத்த இடம் உண்டான்னு பார்த்து எனக்கு எழுதுங்க. கடை பேரோட. போட்டோ இருந்தா இன்னும் நல்லது. வர்ற பட்டியலை இங்கயே போடுறேன். படி இல்லாத கடை ஒண்ணு தேறினாக்கூட, அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அங்க ஒரு சந்திப்பு வைக்கிறேன். யார் வேணா வாங்க.